அஞ்சு இலக்கு எழுதி வச்சேன், மூணாவது வாரமே நின்னுபோவுது. எப்படிக் கொண்டுபோறது?

சேர்மாதேவி_27

எல்லாருக்கும் வணக்கம். நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல நிக்கேன். காலையில 10 மணியில இருந்து ராத்திரி 9 வரைக்கும். செவ்வாய் லீவு. பஸ்ஸுல போக 45 நிமிசம், வர 45 நிமிசம். சம்பளம் 13,000. வீட்டுக்கு 8,000 குடுத்துருவேன்.

சித்திரை ஒண்ணாந்தேதி எழுதி பீரோ கதவுல ஒட்டுனது இதுதான்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பாஸ் பண்ணணும், டைப்ரைட்டிங் லோயர் முடிக்கணும், ஒன்றரை லட்சம் சேக்கணும், 8 கிலோ குறைக்கணும், இங்கிலீஷ் பேசப் பழகணும்.

காலையில 5-ல இருந்து 6.30 வரைக்கும் படிக்க நேரம் இருக்கு. அதுக்கப்புறம் வீட்டு வேலை. செவ்வாக்கிழமை 4 மணி நேரம் ஒதுக்கலாம். "மனசு வச்சா முடியும்"னு எல்லாரும் சொல்லுதாவ. அது எனக்கும் தெரியும். எந்த நாள் என்ன செய்ய, எதுல எழுதி வைக்க, நடுவுல விட்டுப்போச்சுன்னா என்ன செய்ய, இதத்தான் கேக்கேன்.

கொக்கிரகுளம்_அண்ணாச்சி

தங்கச்சி, மனசுல கோளாறு ஒண்ணும் இல்ல. கணக்குலதான் கோளாறு. பீரோ கதவுல ஒட்டியிருக்கது அஞ்சும் விளைச்சல். நாத்து எப்ப, தண்ணி எப்பன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. "பாஸ் பண்ணணும்"ங்கிறத செவ்வாக்கிழமை காலையில உக்காந்து செய்ய முடியாது. "இலக்கணத்துல 40 வினா போட்டு, தப்பானத எழுதணும்"ங்கிறதச் செய்யலாம்.

முதல் வேலை, தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்கது. பாபநாசம் அணையில இருப்பு எத்தனை அடின்னு பாத்துட்டுத்தான கார் சாகுபடிக்கு, அதாவது முதல் போக நெல்லுக்குத் திறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுதாவ. இருப்பு இல்லாத வருசம் அடுத்த போகமான பிசானத்துக்குன்னு வச்சிக்கிடுதாவ. இதுவும் அதே மாதிரிதான்.

உங்க இருப்பு: ஒன்றரை மணி × 6 நாள் = 9 மணி. செவ்வாய் 4. மொத்தம் வாரம் 13. இந்த 13-அ நம்பித் திட்டம் போடாதிய. காய்ச்சல் வரும், சொந்தத்துல ஒரு சடங்கு வரும், கரண்ட் போவும், ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்கு வந்துட்டு மறுநாள் 5 மணிக்கு முழிக்க முடியாத நாளும் வரும். 100-க்கு 30 கழிச்சா 9 மணி. இந்த 9-தான் உங்க தண்ணி. மிச்சம் 4 மணி கைக்கு வந்தா லாபம், வராட்டா நஷ்டம் இல்ல.

அடுத்து வாரங்கள எண்ணணும். குரூப் 4 கடைசியா நடந்த தேதிகளப் பாருங்க: 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12. வைகாசிக் கடைசியில இருந்து ஆடி ரெண்டாவது வாரத்துக்குள்ள விழுது. முந்துன தேதிய வச்சே கணக்குப் போடுங்க. இப்ப ஆவணி முடியப்போவுது. ஜூன் தொடக்கம் வரைக்கும் சுமாரா 38 வாரம். அதுல ஜவுளிக்கடைக்காரங்களுக்கு தீபாவளிக்கு முந்துன 4 வாரம் உசுரே இருக்காது. பொங்கலுக்கு 2 வாரம். இந்த 6 வாரத்தையும் இப்பவே அடிச்சிருங்க. 32 வாரம் × 9 மணி = 288 மணி.

இந்த 288-ல அஞ்சு இலக்கு எப்படி நிக்கும்? நேரத்தத் திங்கிற இலக்கு ஒண்ணே ஒண்ணு வச்சிக்கிடுங்க. அது குரூப் 4. காசு சேக்கதுக்கு நேரம் வேண்டாம், மாசத்துல ஒரு நாள் போதும், அதனால கூடவே ஓடலாம். எடைக்கு ஒரு சின்ன பழக்கம் மட்டும். டைப்ரைட்டிங்கும் இங்கிலீஷும் பரீட்சை முடிஞ்ச பிறவு. "விட்டுட்டேன்"னு நினைக்காண்டாம். தாள்ல அடுத்த பக்கத்துல, "ஆடி 18-க்குப் பிறவு"ன்னு தேதி போட்டு எழுதி வைங்க. தேதி போட்டுத் தள்ளி வச்சது மனச அரிக்காது. தேதி இல்லாம விட்டதுதான் ராத்திரி தூங்க விடாது.

மூணாவது, ரெண்டு அளவு எழுதணும். நல்ல நாளுக்கு சொதிச் சாப்பாடு, முடியாத நாளுக்குக் கஞ்சி. சொதி அளவு: ஒன்றரை மணி, ஒரு பாடம், 30 வினா. கஞ்சி அளவு: 15 நிமிசம், பழைய வினா 10, அதுவும் பஸ்ஸுல உக்காந்து. ரெண்டையும் முன்கூட்டியே எழுதிறணும். முடியாத நாள்ல யோசிச்சா கஞ்சி அளவு "நாளைக்குப் பாப்போம்"னு ஆயிரும். தீபாவளி நேரத்து 4 வாரமும் வெறும் கஞ்சிதான். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது.

கஞ்சி நாளையும் நோட்டுல எழுதுங்க. அதுவும் வேலை செஞ்ச நாள்தான்.

தப்பு_நோட்டு

மேலே சொன்ன 288 மணியை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

தேர்வு 200 வினா, 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை. இதில் தமிழ் 100 வினா. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75 வினா, திறனறிவு 25 வினா. மொத்தத்தில் 90 எடுத்தால் தகுதி என்று இருப்பதை வைத்து இலக்கு எழுதாதீர்கள். அது வாசற்படிதான். வேலை கிடைக்கிற எல்லை அதற்கு வெகு மேலே இருக்கிறது.

என் பிரிப்பு: தமிழ் 120 மணி, பொது அறிவு 90, கணக்கு 45, முழு மாதிரித் தேர்வுகள் 33.

தமிழை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம், பாதித் தாள் அதுதான் என்பதோடு, அதன் எல்லை தெளிவானது. 2025 தேர்வுக்கு வந்த பாடத்திட்டத்தில் இலக்கணம் 25 வினா, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. ஆக இலக்கியம் 15தான். ஆனால் பலர் நூல், ஆசிரியர் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே மூன்று மாதத்தைக் கரைத்துவிட்டு, இலக்கணத்துக்கு வரும்போது களைத்துப்போகிறார்கள். இலக்கணத்தில் தொடங்குங்கள். 6 முதல் 10 வரை பள்ளிப் புத்தகம் போதும். உறை பிரிக்காத நாலு கைடும், டெலிகிராமில் இறக்கிய இருநூறு பிடிஎஃபும் படிப்பு ஆகாது. அதைத் தேடி எடுப்பதிலேயே படித்த திருப்தி வந்துவிடுவதுதான் அதில் உள்ள ஆபத்து.

கணக்கில் சதவீதம், மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டு வட்டி, பரப்பளவு, கன அளவு, நேரமும் வேலையும் என்று தலைப்பு கொஞ்சம்தான். வாரம் ஒரு தலைப்பு. கணக்கைச் செவ்வாய்க்கிழமைக்கு ஒதுக்கிச் சேர்த்து வைக்காதீர்கள். ஆறு நாள் தொடாமல் ஏழாம் நாள் இரண்டு மணி போட்டால் முதல் அரை மணி கை பழகுவதற்கே போய்விடும். தினம் 15 நிமிடம், 5 கணக்கு.

இனி இந்தப் பெயருக்குக் காரணமான விஷயம். ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, தப்பாகப் போட்ட வினாக்களை மட்டும் அதில் எழுதுங்கள். வினாவை முழுதாக எழுத வேண்டாம். சரியான விடை ஒரு வரி, பக்கத்தில் ஓர் எழுத்து. 'தெ' என்றால் தெரியாதது. 'ம' என்றால் படித்து மறந்தது. 'அ' என்றால் அவசரத்தில் விட்டது. மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். 'தெ' அதிகம் என்றால் படிக்க வேண்டும். 'ம' அதிகம் என்றால் புதுப் பாடத்தை நிறுத்தித் திருப்புதல் செய்ய வேண்டும். 'அ' அதிகம் என்றால் படிப்பில் குறை இல்லை, வினாவை இரண்டு தடவை வாசிக்கப் பழக வேண்டும். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. "மார்க் வரவில்லை, இன்னும் நிறையப் படிக்கணும்" என்று மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுப்பதால்தான் ஆறு மாதம் உழைத்தும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கிறது.

ஒரு தப்பை எழுதிய 2-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் திரும்பப் பாருங்கள். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கும் என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன் மீதே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதற்கு அதுதான் காரணம்.

முழுத் தேர்வு எழுத 3 மணி, திருத்தித் தப்பு நோட்டில் ஏற்ற ஒன்றரை மணி. 33 மணியில் 7 தேர்வு வரும். செவ்வாய்க்கிழமை காலை 9.30-க்கு உட்கார்ந்து 12.30-க்கு எழுந்திருங்கள், அசல் தேர்வு நேரமும் அதுதான். முதல் தேர்வைப் பாடம் முடித்த பிறகு வைக்காதீர்கள். இந்த மாதமே ஒன்று எழுதுங்கள். 200-க்கு 70 வந்தாலும் சரி. தொடங்கிய இடம் தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று எதை வைத்துச் சொல்வது?

ஆர்டி_கவுண்டர்

ஒன்றரை லட்சத்துக்கு என் பங்கு.

அஞ்சலகத் தொடர் வைப்பு (ஆர்.டி.) 5 ஆண்டு, 60 தவணை. குறைந்தது மாதம் 100, அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவும் கட்டலாம். வட்டி 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதத்தை அறிவிக்கும். நீங்கள் தொடங்கும் அன்றைக்கு உள்ள வீதம் உங்கள் கணக்குக்குக் கடைசி வரை மாறாது. 6.7-இல் மாதம் 1,000 கட்டினால் முடிவில் சுமார் 71,366. அப்படியானால் மாதம் 2,100 கட்டினால் 1,49,870 வரை வரும். உங்கள் ஒன்றரை லட்சம் அதுதான்.

ஆனால் 2,100-க்கு ஒரே கணக்காகத் தொடங்காதீர்கள். 1,000-க்கு ஒன்று, 1,100-க்கு ஒன்று. காரணம் இருக்கிறது. ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் தண்டம், அது பெரிதல்ல. நாலு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதத்தில் 2,100 புரட்ட முடியாமல் போகலாம். 1,000 புரட்டலாம். இரண்டு கணக்கு இருந்தால் ஒன்றாவது தவறாமல் ஓடும். கொக்கிரகுளம் அண்ணாச்சி சொன்ன கஞ்சி அளவு காசுக்கும் பொருந்தும்.

தேதியைப் பாருங்கள். மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. சம்பளம் 5-ஆம் தேதி வருகிறவர்கள் 15-க்குள் தொடங்குவது நல்லது. மாதக் கடைசி வரை நேரம் இருந்தால் காசு மாதக் கடைசி வரை இருக்காது.

தீபாவளி போனஸ் வந்தால் ஆறு தவணையை முன்கூட்டியே கட்டிவிடலாம். நூறு ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாய் தள்ளுபடி உண்டு, அதாவது 1,000 ரூபாய்க் கணக்குக்கு 100 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் ஆறு மாதம் அந்தக் கவலை இல்லாமல் படிக்கலாம். அதற்கு விலை போட முடியாது.

அவசரம் வந்தால் கணக்கை உடைக்காதீர்கள். 12 தவணை கட்டி ஓராண்டு ஆகிவிட்டால் இருப்பில் பாதி வரை கடனாகக் கிடைக்கும். இடையில் முடிக்க 3 ஆண்டு ஆக வேண்டும். அப்போதும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள்.

பாளை_பஸ்டாண்டு

நல்ல யோசனைகள்தான். ரெண்டு இடத்துல எனக்கு ஒத்துக்கலை.

ஒண்ணு, டைப்ரைட்டிங்கைத் தூக்கிப் போட்டது. குரூப் 4-ல தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் இடமும் சேர்ந்துதான் வருது. அதுக்குத் தட்டச்சு சான்றிதழ் வேணும்ங்கிறதால போட்டி போடுற கூட்டம் குறைவு. அதே மார்க்குக்கு இளநிலை உதவியாளர் கிடைக்காதவங்களுக்குத் தட்டச்சர் கிடைக்க வழி உண்டு. அரசு தட்டச்சுத் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்டு ரெண்டு தடவை நடக்குது. லோயர் நிமிசத்துக்கு 30 வார்த்தை, ஹையர் 45. தினம் ஒரு மணி நேரம் போனா லோயர் ஆறு மாசத்துல வந்துரும்.

ரெண்டாவது, யாரும் தொடாத விஷயம்: எப்போங்கிறது. "காலையில படிப்பேன்"னு எழுதுறது போதாது. எதைத் தொட்டு அது தொடங்கும்னு எழுதணும். "அடுப்புல பால் வச்சதும் நோட்டைத் திறப்பேன்." "பஸ் சேர்மாதேவி ஸ்டாண்டை விட்டு நகர்ந்ததும் தப்பு நோட்டை எடுப்பேன்." இப்படி 'இது நடந்ததும் அது'ன்னு முன்னாலேயே முடிச்சுப் போட்டு வைக்கிறவங்க, சும்மா ஆசைப்படுறவங்களைவிட நிறைய முடிக்கிறாங்கன்னு பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999-ல எழுதினதுக்குப் பிறகு பல பேர் சோதிச்சுப் பாத்துருக்காங்க. மணியைக் கட்டாதீங்க, செயலைக் கட்டுங்க. மணி 5.10 ஆனா "போச்சு"ன்னு தோணும். பால் எப்ப வச்சாலும் பால்தான்.

இன்னொண்ணு, 21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்னு வாட்ஸ்அப்புல சுத்துது. நம்ம ஊர்ல ஒரு மண்டலம், 48 நாள்ங்கிறாங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2010-ல அச்சாச்சு. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போவுதுன்னு கணக்கு. நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெடலைன்னும் அதுல இருக்கு. மூணாவது வாரம் நிக்குறதுக்கு இது ஒரு காரணம்: 22-ஆம் நாளும் கஷ்டமாவே இருக்கேன்னு "நமக்கு வராது"ன்னு முடிவு கட்டிருதோம். தை பிறக்குற வரைக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்னு நினைச்சுத் தொடங்குங்க.

கொக்கிரகுளம்_அண்ணாச்சி

பாளை சொன்ன பால் கணக்கு அருமை, ஒத்துக்கிட்டேன். டைப்ரைட்டிங்குக்கு ஒத்துக்கிட மாட்டேன். ஹையர், லோயர் தமிழ், இங்கிலீஷ்னு சேத்து வச்சிருந்தாத்தான் தட்டச்சர் இடத்துக்குத் தகுதி. லோயர் ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டு இந்தத் தடவை ஒண்ணும் ஆவாது. இன்ஸ்டிடியூட்டுக்கு தினம் ஒரு மணி எங்க இருந்து வரும்? அந்தக் காலை ஒன்றரை மணியிலதான் கை வைக்கணும். வாரம் 9-ல 6 போயிரும். அகலக்கால் வச்சா ரெண்டும் வெளங்காது. ஆடிக்குப் பிறவு தொடங்குனா பிப்ரவரித் தேர்வுக்கு நேரம் சரியா இருக்கும்.

நோட்டு எப்படின்னு கேட்டீய. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒண்ணு. வாரம் ஒரு பக்கம். மேல ஏழு நாள், வாரம் புதன்ல தொடங்கிச் செவ்வாயில முடியட்டும், லீவு நாள்ல கணக்கு முடிக்கத் தோதா இருக்கும். இடது பக்கம் மூணே வரி: படிச்ச நிமிசம், போட்ட வினா, சரியான வினா. டிக் போடாதிய. டிக் பொய் சொல்லும். அஞ்சு நிமிசம் புரட்டினாலும் டிக், ஒன்றரை மணி உக்காந்தாலும் டிக். எண்ணுதான் வேணும். 90, 30, 19. முடியாத நாள் 15, 10, 7. ஒண்ணுமே இல்லைன்னா 0. வெறுமையா விடாம 0 எழுதுங்க. வெறுங்கட்டம் ரெண்டு நாள் கிடந்துச்சுன்னா மூணாம் நாள் நோட்டத் திறக்கவே மனசு வராது.

செவ்வாய் ராத்திரி 20 நிமிசம் கூட்டிப் பாக்கணும். நிமிசம் 540-அத் தொட்டுச்சா? அதுதான் 9 மணி. தொடர்ந்து ரெண்டு வாரம் 540-க்குக் கீழ வந்தா திட்டத்தக் குறைங்க. தூக்கத்தக் குறைக்காதிய. தொடர்ந்து நாலு வாரம் 650-க்கு மேல வந்தா ஒரு தலைப்பு கூட்டுங்க. போனுல ஆப் இருக்கேன்னு கேப்பிய. எத்தனை நாள் விடாம செஞ்சோம்னு எண்ணுற ஆப் எல்லாத்துலயும் ஒரு கோளாறு: 40 நாள் ஓடி ஒரு நாள் விட்டா மறுபடி பூச்சியத்துல நிப்பாட்டும். அந்த 40 நாள் படிச்சது எங்க போச்சு? சவத்தத் தள்ளுங்க.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லி வைங்க. செவ்வாய் ராத்திரி அந்த வார எண்ண அவங்களுக்கு அனுப்புங்க. ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியாதிய. "படிக்கியாமே, சபாஷ்"னு நாலு பேரு சொன்ன உடனே படிச்ச மாதிரியே ஒரு நெனப்பு வந்துரும்.

சேர்மாதேவி_27

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பீரோ கதவுல இருந்தத கிழிச்சிட்டேன். ரெண்டு சந்தேகம்.

தீபாவளி முடிஞ்சு வரும்போது ஒரு மாசம் விட்ட மாதிரிதான இருக்கும். திரும்ப எப்படிப் பிடிக்க? இன்னொண்ணு, எடைக்கு "ஒரு சின்ன பழக்கம்"னு சொன்னிய. அது என்ன?

பாளை_பஸ்டாண்டு

எடைக்கு நான் சொல்றேன். பரீட்சை வருசத்துல கிலோவை இலக்கா வைக்காதீங்க. கிலோ உங்க கையில இல்லை. சீனி உங்க கையில இருக்கு. கடையில ஒரு நாளைக்கு எத்தனை டீ? அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன்னா பத்து ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 கிராம்னு 40 கிராம் சீனி, 160 கலோரி. மூணு டீ ஆக்குங்க, ஸ்பூனை ஒண்ணாக்குங்க. காலையில ஒரு நிறுத்தம் முன்னாடி இறங்கி 20 நிமிசம் நடங்க. அவ்வளவுதான். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் எடை பாருங்க. தினம் பாத்தா தண்ணி ஏறி இறங்குறதைப் பாத்து மனசு நொந்துரும்.

சொல்ல மறந்துட்டேன். கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்தியாச்சு. கூட்டம் இல்லாத மத்தியானம் உக்காந்து கஞ்சி அளவை முடிச்சாலே போதும், அலுப்பு குறைஞ்சு காலையில 5 மணிக்கு எழுந்திருக்கறது பாதி சுலபமாயிரும். இருக்கை இருக்கான்னு பாருங்க.

தப்பு_நோட்டு

தீபாவளிக்குப் பின் திரும்புவது பற்றி. இங்கேதான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். நாலு வாரம் விட்டதை ஒரே வாரத்தில் கட்டிவிடலாம் என்று தினம் நாலு மணி உட்கார்கிறார்கள். மூன்றாம் நாள் தலைவலி, ஐந்தாம் நாள் நோட்டு மூடிவிடும். உங்கள் கணக்கில் அந்த வாரங்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. 32 வாரத்தில் அவை இல்லை. ஆகவே பாக்கி என்று எதுவும் கிடையாது.

தீபாவளிக்கு மறுநாள் தொடங்க வேண்டாம். இரண்டு நாள் தூங்குங்கள். மூன்றாம் நாளிலிருந்து மூன்று நாள் கஞ்சி அளவு மட்டும், அதுவும் புதுப் பாடம் இல்லாமல் தப்பு நோட்டைப் புரட்டுவது. அடுத்த நாலு நாள் 45 நிமிடம். பத்தாம் நாளிலிருந்து முழு அளவு. முதல் செவ்வாய்க்கிழமை மாதிரித் தேர்வு வைக்காதீர்கள், மதிப்பெண் கீழே இறங்கியிருக்கும், தேவையில்லாமல் மனம் உடையும். இரண்டாவது செவ்வாய் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் இல்லாத இடைஞ்சலும் வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து புத்தகம் எல்லாம் நனைந்தது. அப்படி இரண்டு மூன்று வாரம் போனால் 288 என்பது 265 ஆகும். அப்போது எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளாதீர்கள். பொது அறிவில் குறைந்த வினா வருகிற ஓர் அலகை முழுதாக விட்டுவிட்டு மற்றதைத் தொடுங்கள். தமிழிலும் கணக்கிலும் கை வைக்க வேண்டாம். தப்பு நோட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரி மேல்தட்டில் வையுங்கள். புத்தகம் மறுபடி கிடைக்கும், அது கிடைக்காது.

சேர்மாதேவி_27

இப்ப எழுதி வச்சிருக்கத ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.

புதன்ல இருந்து திங்கள் வரைக்கும்: பால் வச்சதும் இலக்கணம் 45 நிமிசம், பொது அறிவு 30, கணக்கு 15. பஸ்ஸுல போகும்போது தப்பு நோட்டு. வரும்போது ஒண்ணும் இல்ல, தூங்குவேன். செவ்வாய் காலை 9.30-ல இருந்து 4 மணி நேரம், ராத்திரி அந்த வார எண்ணக் கூட்டிப் பாக்கது. கஞ்சி அளவு 10 வினா. ஆர்.டி. ரெண்டு கணக்கு, வர்ற 10-ஆம் தேதி. மூணு டீ. எண்ணு அனுப்புறது எங்க சித்தி மகளுக்கு. டைப்ரைட்டிங் ஆடி 18-க்குப் பிறவுன்னு அடுத்த பக்கத்துல இருக்கு.

கொக்கிரகுளம்_அண்ணாச்சி

சரியா இருக்கு. ஒரே ஒரு திருத்தம். காலையில மூணு பாடம் வேண்டாம். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாறுததுலயே பத்து நிமிசம் போயிரும். கணக்கு 15 தினம் இருக்கட்டும். மிச்சம் 75 நிமிசத்த புதன், வியாழன், வெள்ளி தமிழுக்கும், சனி, ஞாயிறு, திங்கள் பொது அறிவுக்கும் குடுங்க. தமிழுக்குக் கூடுதலா வேண்டியத செவ்வாய்ல எடுத்துக்கிடலாம்.

தப்பு_நோட்டு

மாதிரித் தேர்வுச் செவ்வாய்க்கு மட்டும் நாலு மணி போதாது, நாலரை வைத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆர் தாளை நகல் எடுத்து, கறுப்பு பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்பியே எழுதுங்கள். நோட்டில் விடை எழுதிப் பழகியவர்களுக்கு 200 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகும் என்பது தேர்வு அறையில்தான் தெரிகிறது. விடை தெரியாத வினாவுக்கு ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. அதையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள்.